காலை உணவு உண்ணாத வீடு

இதை நான் பேசுற மாதிரியேதான் எழுதப்போறேன். திருத்திக் குடுக்கிறேன்னு யாரும் சிவப்புப் பேனாவைத் தூக்கிட்டு வர வேணாம். ஒரே ஒரு வார்த்தையைத் திருத்த வந்ததுக்கே எங்க வீடு என்னா பாடு பட்டுச்சுன்னு சொல்றேன், கேளுங்க.

எங்க வீட்டுல ஞாயித்துக்கிழமைக்கு எப்பவும் அடிதடி. மத்த நாள்ல என் வீட்டுக்காரரைக் கண்ணால பாக்குறதே கஷ்டம். அவருக்கு சிங்கப்பூர்ல ஒரு கிடங்குல வேலை, நாங்க இருக்கிறது இந்தப் பக்கம் மலேசியாவுல, கூலாய்ல. இருட்டோட இருட்டா மோட்டாரை எடுத்தாத்தான் பாலத்து நெரிசலுக்கு முந்தி அந்தப் பக்கம் போய்ச் சேர முடியும். மக எந்திரிக்கும்போது அவர் இருக்க மாட்டார். அவர் வந்து குளிச்சிட்டு உக்காரும்போது அவ பாடப் புத்தகத்து மேலயே தலையைச் சாய்ச்சிருப்பா. ஆக, வாரத்துல அந்த ஒரு நாள்தான் நாங்க குடும்பம்.

அந்த ஒரு நாளைப் பங்கு போடுறதுக்கு சொந்தக்காரங்க வரிசையில நிப்பாங்க. காதுகுத்து, பிறந்தநாள், கோயில் கூட்டம், யார் வீட்டுக்கோ யாரோ பொண்ணு பாக்க வர்றாங்க, நீயும் வந்து நில்லு. நின்னு நின்னு கால் வீங்குனதுதான் மிச்சம். அதனால இந்தத் தடவை நான் முந்திக்கிட்டேன். ஜொகூர் பாருல, அதான் எங்க ஜேபியில, புத்தக விழான்னு சேதி வந்த அன்னிக்கே, இந்த ஞாயித்துக்கிழமை எங்களோடது, யாருக்கும் கிடையாதுன்னு குடும்ப வாட்சப்புல போட்டுட்டேன்.

உடனே அண்ணிகிட்டேருந்து போன் வந்துச்சு. அண்ணின்னா என் வீட்டுக்காரரோட அக்கா, தங்காக்ல இருக்காங்க. அவங்க மகளுக்குக் கல்யாணம் கூடி வந்திருக்கு. ஊரே துணிக்கடையா இருக்கிற தங்காக்ல உக்காந்துக்கிட்டு, சேலை எடுக்க நாங்க வந்தே ஆகணும்னாங்க, அதுவும் அதே ஞாயித்துக்கிழமை. புத்தக விழாவுக்குப் போறோம் அண்ணின்னேன். புத்தகமான்னு கேட்டாங்க. அப்புறம் சிரிச்சாங்க. புத்தகம் எங்கேயும் ஓடிப்போயிடாது, நல்ல சேலைதான் ஓடிப்போயிடும்னாங்க.

எனக்குச் சுருக்குன்னு ஏறிடுச்சு. தண்ணி விளையாட்டுப் பூங்காவுக்குப் போறோம்னு சொல்லியிருந்தா, போய்ட்டு வாங்கன்னு சொல்லியிருப்பாங்க. புத்தகத்துக்காக ஒரு குடும்பமே கிளம்புதுன்னாத்தான் சனங்களுக்குத் தாங்காது. என்னமோ வீட்டுல யாருக்கோ மூளை பெசகிப்போன மாதிரி பேசுவாங்க. சேலைக்கு அடுத்த வாரம் நானே வந்து கடை கடையா ஏறி எறங்குறேன், இந்த ஞாயித்துக்கிழமையை மட்டும் கேக்காதீங்கன்னு சொல்லிட்டேன். அண்ணி கோவிச்சுக்கிட்டுப் போனை வச்சுட்டாங்க. வைக்கட்டும்.

நான் அவ்வளவு பிடிவாதமா நின்னதுக்குக் காரணம் என் மக. தமிழ்ப்பள்ளியில இருந்தவரைக்கும் வாயாடி. இப்போ இடைநிலைப்பள்ளியில ரெண்டாம் படிவம், வயசு பதினாலு. அங்க தமிழ் வகுப்பு மத்த பாடமெல்லாம் முடிஞ்சப்புறம்தான். கூட்டாளிங்க எல்லாம் பஸ் ஏறி வீட்டுக்குப் போயிடுவாங்க, இவ வெறிச்சோடிக் கிடக்கிற பள்ளிக்கூடத்துல ரெண்டு மூணு பிள்ளைங்களோட உக்காந்திருப்பா. ஒவ்வொருத்தரா கழண்டுக்கிட்டாங்க. இவ கழண்டுக்கல. ஏன்னு கேட்டா, எழுதப் பிடிக்குதும்மான்னு சொல்லுவா, அவ்வளவுதான்.

அந்த விழாவுல சின்னப் பிள்ளைங்க தாங்களே எழுதுனதை மேடையில வாசிக்க ஒரு நேரம் வச்சிருந்தாங்க. எங்ககிட்ட மூச்சு விடாம இவ எழுதி அனுப்பிட்டா. தேர்வாயிடுச்சுன்னு சேதி வந்தப்புறம்தான் எங்களுக்கே தெரியும். அன்னைக்கு என் வீட்டுக்காரர் ஹெல்மெட்டைக்கூட கழட்டாம வாசல்ல நின்னுக்கிட்டே, என்னா எழுதியிருக்க பாப்பா, என்னா எழுதியிருக்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். மேடையிலதான் கேக்கணும்பான்னு ஒரே வார்த்தையா சொல்லிட்டா.

அப்புறம் வீடே விழாவுக்குத் தயாராச்சு. அவர் அந்த ஞாயித்துக்கிழமை ஓவர்டைம் வேணாம்னு கிடங்குல சொல்லிட்டார். நான் பசாருக்கு இழுத்துட்டுப் போற தள்ளுவண்டியைச் சவர்க்காரம் போட்டுத் தேச்சு வெயில்ல காய வச்சேன், வாங்குற புத்தகத்துல மீன் வாடை அடிக்கக் கூடாதுல்ல. மக குளியலறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு வாசிச்சுப் பழகுவா. தண்ணிக் குழாயை வேற திறந்து விட்டுக்குவா, எங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு. தண்ணி பில்லு வரட்டும், உன்னைக் கட்டச் சொல்றேன்னு நான் கத்துவேன். உள்ளுக்குள்ள எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

விழாவுக்கு முந்தின வாரம் சனிக்கிழமை காலையில அந்தப் போன் வந்துச்சு. அவர் வேலைக்குப் போயிட்டார், எனக்கு லீவு. நான் டவுன்ல ஒரு கிளினிக்ல முன் கவுண்டர்ல வேலை பாக்குறேன். சப்பாத்திக்கு மாவு பெசஞ்சுக்கிட்டு இருந்தேன், கையெல்லாம் மாவு. மகதான் போனை எடுத்து ஸ்பீக்கர்ல போட்டு மேசையில வச்சா. பேசுனவர் விழாக் குழுவோட செயலாளர். வணக்கம் சொன்னார், பசியாறியாச்சாம்மான்னு கேட்டார், ஆச்சு சார்னேன், அப்புறம் விஷயத்துக்கு வந்தார்.

பிள்ளை அருமையா எழுதியிருக்கு, ஒரே ஒரு சொல்லுதான் இடிக்குதுன்னார். எதுன்னு கேட்டேன். எழுதியிருந்த வரியை அப்படியே வாசிச்சுக் காட்டினார்.

"ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகப் பசியாறுவோம்."

எங்க ஞாயித்துக்கிழமையைப் பத்தித்தான் எழுதியிருக்கான்னு அப்பத்தான் தெரிஞ்சுது. நிமிந்து பாத்தா, அவ கண்ணை என் மேல வைக்காம மேசையை விரலால தேச்சுக்கிட்டு இருந்தா.

செயலாளர் விடாம பேசிக்கிட்டு இருந்தார். அந்தப் 'பசியாறுவோம்' வேணாமாம். 'காலை உணவு உண்போம்'னு மாத்திடணுமாம். தமிழ்நாட்டுலேருந்து விருந்தாளிங்க வந்து முன் வரிசையில உக்காரப்போறாங்களாம். அங்கெல்லாம் காலையில சாப்பிடுறதை யாரும் இப்படிச் சொல்ல மாட்டாங்களாம். பசியாறுறதுன்னா ஏங்கிக் கிடந்து, கஞ்சியைக் கண்டதும் விழுந்து சாப்பிடுற மாதிரி அர்த்தம் ஆயிடுமாம். நம்ம மானம் போயிடும்மா, வீட்டுல பேசுறது வேற, எழுத்துன்னு வந்தா கொச்சை கூடாதுன்னார்.

பசியும் தமிழு, ஆறுறதும் தமிழு, ரெண்டும் பக்கத்துல உக்காந்தா கொச்சை ஆயிடுமா சார்னு கேட்டேன். சிரிச்சார். கோவமா பேசுனாக்கூட சமாளிச்சிருப்பேன், அந்தச் சிரிப்புதான் ஆகல. மாத்தலன்னா என்னா ஆகும்னு கேட்டேன். இடத்துக்கு வேற பிள்ளைங்க காத்திருக்காங்கம்மான்னு மரியாதையாவே சொல்லிட்டு வச்சுட்டார்.

திரும்பிப் பாத்தா மக அங்க இல்ல. அவ ரூமுல, தமிழ்ப் பயிற்சிப் புத்தகத்தையெல்லாம் அடுக்கி அலமாரிக்கு அடித்தட்டுல, பழைய காலணி வைக்கிற இடத்துல தள்ளிக்கிட்டு இருந்தா. அழுதிருந்தா நான் தேத்தியிருப்பேன். அழல. சாதாரணமா இருந்தா.

"அடுத்த வருஷம் நான் தமிழ் எடுக்கலம்மா. பொறந்ததுலேருந்து நான் பேசுறதே தப்புன்னா, அங்க உக்காந்து யாரோட தமிழைப் படிக்கிறேன்?"

ஒரு மேடை போனாப் போகுது, இன்னொரு மேடை வரும். ஆனா பிள்ளை அந்தப் புத்தகத்தைக் காலணி பக்கத்துல தள்ளுனது என்னால பாக்க முடியல. இப்போ விட்டா அப்புறம் திரும்ப வர மாட்டா, அது எனக்கு நல்லாத் தெரியும். எங்க உறவுலயே எத்தனை பிள்ளைங்க இப்படித்தான் ஒரு நாள் விட்டாங்க. இப்போ கல்யாணத்துல பாத்தா ஹாய் ஆன்ட்டின்னு சொல்லிட்டுப் போயிடுதுங்க.

அன்னைக்குப் பூரா எனக்குச் சப்பாத்தி கருகிக்கிட்டே இருந்துச்சு. செயலாளருக்கு வாய்ஸ் மெசேஜ் பேசுவேன், அழிப்பேன், மறுபடி பேசுவேன். நான் பேசுனதெல்லாம் அனுப்பியிருந்தா விழாவையே நிறுத்தியிருப்பாங்க.

மானம் போயிடுமாம். நான் பொறந்தது ரெங்கம் பக்கத்துல ஒரு ரப்பர்த் தோட்டத்துல. எங்கம்மா பால்மரம் வெட்டுனவங்க. அதை நெனச்சு உருகுறதுக்கு ஒண்ணும் இல்ல, கொசுக்கடியும் அட்டைக்கடியுமா கிடந்த பொழப்பு அது. காலையில அவங்களுக்கு வந்தது உணவு இல்ல, வேலை. இருட்டுலயே போய்ப் பாலுக்குப் பட்டையைச் சீவி, வெயில் ஏறுனப்புறம்தான் வாளியை எறக்கி வச்சுட்டு மரத்தடியில உக்காந்து தூக்குச்சட்டியைத் திறப்பாங்க. வயித்துல எரிஞ்சுக்கிட்டு இருந்தது அப்பத்தான் ஆறும். அதுக்கு ஒரு சொல்லு வேணும்ல, வச்சுக்கிட்டாங்க. ஏங்கிக் கிடந்து சாப்பிட்டாங்கதான், யாரு இல்லன்னா? ஒழைச்சுட்டு ஏங்குனாங்க. இதுல மானம் எந்த வழியா போச்சு?

இப்பவும் கிளினிக்ல காலையில வர்றவங்ககிட்ட நான் மொதல்ல கேக்குறது அதுதான். ரத்தம் எடுக்க வந்தவங்கன்னா பசியாறியிருக்கக் கூடாது, மத்தவங்கன்னா பசியாறியிருந்தாத்தான் மருந்து ஒத்துக்கும். ஒருத்தர் வரிசை நகரலன்னு மேசையைத் தட்டிக் கத்திக்கிட்டு வந்தார். பசியாறிட்டீங்களா அங்கிள்னு கேட்டேன். ஆச்சும்மான்னு நல்ல குரல்ல சொல்லிட்டு, மறுபடி விட்ட எடத்துலேருந்து கத்த ஆரம்பிச்சார். நம்ம ஆளுங்களுக்கு அந்தக் கேள்வி காதுல விழுந்தா பதில் தானா வந்துடும்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் எல்லாத்தையும் கொட்டுனேன். அவர் சொன்ன பதில்ல எனக்கு இன்னும் சூடு ஏறிடுச்சு. ஒரு வார்த்தைதானே லா, மாத்திட்டுப் போகட்டும், பாலத்தைத் தாண்டுனா நானும்தான் நாள் பூரா பேச்சை மாத்திக்கிறேன்னார். நீங்க பாலத்துக்கு அந்தப் பக்கம் மாத்திக்குங்க, இது இந்தப் பக்கம்னேன். அவர் துண்டை எடுத்துக்கிட்டுக் குளிக்கப் போயிட்டார்.

மறுநாள் ஞாயித்துக்கிழமை. எப்பவும் போல அவர் போய் முனையில இருக்கிற மாமாக் கடையில, முஸ்லிம் சாப்பாட்டுக் கடை அது, பரோட்டா மாதிரி ரொட்டி சனாய் வாங்கிட்டு வந்தார். மூணு பேரும் உக்காந்தோம். எனக்கு அவர் மேல கோவம், மகளுக்கு எல்லார் மேலயும் கோவம். அவர்தான் சமாதானத்துக்கு, சரி பாப்பா, மாத்துனதையே வாசி, அப்பா கேக்குறேன்னார். அவ எந்திரிக்கக்கூட இல்ல. தட்டைப் பாத்துக்கிட்டே, அறிவிப்பு வாசிக்கிற மாதிரி ஒப்பிச்சா.

"ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகக் காலை உணவு உண்போம்."

ரொட்டியைப் பிச்சுக் குழம்புல தோய்க்கப் போன அவர் கை அப்படியே நின்னுச்சு. யாரு பாப்பான்னு கேட்டார். நாமதான்பான்னா. அவர் எங்க தட்டையெல்லாம் ஒரு தடவை பாத்தார். மைலோ டம்ளரைப் பாத்தார், பிரிச்சுப் போட்டிருந்த தாளைப் பாத்தார்.

"நான் எப்போம்மா காலை உணவு உண்டேன்? இது வேற யாரோ வீடு மாதிரில்ல இருக்கு."

நீ என்னா எழுதியிருந்தன்னு கேட்டார். அவ சொன்னா. நான் அவருக்கு வார்த்தையைத்தான் சொல்லியிருந்தேன், முழு வரியை அவர் அப்பத்தான் கேக்குறார். எந்திரிச்சு அடுப்பங்கரைக்குப் போனார். குழாய்த் தண்ணி ரொம்ப நேரம் ஓடுச்சு. அப்பனும் மகளும் குழாயைத் திறந்து விடுறதுல ஒரே மாதிரி. திரும்பி வரும்போது முகத்தைக் கழுவியிருந்தார், கண்ணு சிவந்திருந்துச்சு.

மாத்தாதன்னு சொன்னார். மேடை கிடைக்காதுப்பான்னா. கிடைக்கலன்னா போகுது, இந்த ஹால்ல நின்னு வாசி, நானும் அம்மாவும் கேக்குறோம்னார். கட்டிக்கிட்டு இத்தனை வருஷத்துல அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடிச்சது அன்னைக்குத்தான். அதை அவர்கிட்ட சொல்லல, இன்னொரு ரொட்டியை எடுத்துத் தட்டுல வச்சேன்.

நான் உடனே போனை எடுத்துட்டேன், செயலாளரை ஒரு வழி பண்ணிடலாம்னு. மக என் கையைப் பிடிச்சுக்கிட்டா. நீங்க சண்டை போடாதீங்கம்மா, எழுதுனது நான்தானேன்னா. அப்புறம் என்னமோ யோசிச்சு, அவர் நேத்துப் போன்ல மொதல்ல என்னா கேட்டார்னு ஞாபகம் இருக்கான்னு கேட்டா. எனக்கு எங்க ஞாபகம் இருக்கு, கொதிப்புல இருக்கேன். நீங்க பதில்கூட சொன்னீங்களே, ஆச்சு சார்னு, அப்படின்னா.

அலமாக். எனக்கு மண்டையில அப்பத்தான் விழுந்துச்சு. பசியாறியாச்சாம்மான்னு கேட்டுட்டுத்தான் அந்த மனுஷன் பசியாறக் கூடாதுன்னு எனக்குப் பாடம் எடுத்திருக்கார். நானும் கேனச்சி மாதிரி ஆச்சு சார்னு சொல்லியிருக்கேன். மூணு பேரும் சிரிச்ச சிரிப்புல மைலோ கொட்டிடுச்சு. இப்பவே அவர்கிட்ட சொல்றேன் பாருன்னு மறுபடி போனை எடுத்தேன். வேணாம்மா, பாவம், போன்ல சொன்னா அவருக்கு வெக்கமாயிடும்னு பிடுங்கி வச்சுக்கிட்டா. அப்புறம் அவளே செயலாளருக்கு ஒரு மெசேஜ் போட்டா. எட்டிப் பாத்தேன். 'நான் வர்றேன் சார்'னு மட்டும் இருந்துச்சு. மாத்துறேன்னும் இல்ல, மாட்டேன்னும் இல்ல. என்னாதான் பண்ணப்போறன்னு அந்த வாரம் பூரா நச்சரிச்சேன். மேடையில பாருங்கம்மான்னுதான் சொன்னா. கடைசியில பயந்துக்கிட்டு மாத்திடுவாளோன்னுதான் எனக்குக் கவலை. மாத்திட்டு வந்துட்டா அந்தப் புத்தகம் காலணி பக்கத்துலேருந்து மேல வரவே வராது.

சனிக்கிழமை சாயங்காலம் வாசல்ல கார் சத்தம் கேட்டுச்சு. பாத்தா அண்ணி பையோட எறங்குறாங்க. தம்பி எல்லாத்தையும் போன்ல சொல்லியிருக்கார். என் மருமக மேடை ஏறுறா, நான் சேலையைப் பிரிச்சுப் பாத்துக்கிட்டு நிப்பேனான்னு என்னைக் கேட்டுட்டு உள்ள போயிட்டாங்க. நான்தான் அவங்களை வர வேணாம்னு சொன்ன மாதிரி.

விழா அன்னைக்குக் காலையில அவ சாப்பிடவே இல்ல. அவர் வாங்கி வந்து வச்ச ரொட்டி சனாயைப் பாத்துட்டு அப்படியே மூடிட்டா. வாசிச்சு முடிச்சப்புறம் சாப்பிடுறேம்பான்னா. அண்ணி எந்திரிச்ச உடனே பசியாறிட்டாங்க, அவங்களுக்கு மாத்திரை போடணும். என் வீட்டுக்காரர் மட்டும் பொட்டலத்தை அவிழ்க்கவே இல்ல. நீங்க சாப்பிடுங்கன்னேன். ஞாயித்துக்கிழமை அவளை விட்டுட்டு நான் எப்படின்னார். அதுக்கப்புறம் நான் மட்டும் எப்படி சாப்பிடுறது? குழம்போட எல்லாத்தையும் கட்டித் தள்ளுவண்டியில வச்சேன். புத்தகம் போடத் தேச்சு வச்ச வண்டியில மொதல்ல ஏறுனது ரொட்டிதான்.

மண்டபம் பெரிசு. மலாய்ப் புத்தகம், சீனப் புத்தகம், இங்கிலீஷ் புத்தகம்னு கண்ணுக்கு எட்டுற தூரம் வரைக்கும் கடை. நம்மளது ஒரு ஓரமா, கழிவறைக்குப் போற வழியில. ஓரமா இருந்தா என்னா, நாற்காலி பத்தாம சனங்க சுவரோரமா நின்னாங்க. பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு ஒருத்தர், பையைக் கீழ வச்சு அது மேலயே உக்காந்த ஒரு அம்மா. புத்தகத்துக்கு யாரு வருவான்னு கேக்குறவங்களை அங்க கூட்டிட்டு வந்து நிறுத்தியிருக்கணும்.

செயலாளர் வெள்ளைச் சட்டையில முன் வரிசையில விருந்தாளிங்க பக்கத்துல உக்காந்திருந்தார். மகளைப் பாத்ததும் எழுந்து வந்து, பெரிய எழுத்துல அச்சடிச்ச தாளைக் கையில குடுத்தார். திருத்துன தாள். நன்றி சார்னு சொல்லி வாங்கிக்கிட்டா. பவ்யமா வாங்கிக்கிட்டா. எனக்கு உசிரே போச்சு. தள்ளுவண்டிப் பிடியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன், இல்லன்னா எந்திரிச்சு அந்தத் தாளைக் கிழிச்சிருப்பேன்.

அவ பேரைக் கூப்பிட்டாங்க. மேடையில ஏறுனா, மைக்கைத் தன் உயரத்துக்கு எறக்குனா. தாளைப் பாக்கல. எங்களைப் பாத்தா, அப்புறம் கூட்டத்தைப் பாத்தா. எங்க வீட்டு வாசலுக்கு ஆள் வந்தா எப்படிக் கேப்பாளோ, அதே குரல்ல கேட்டா.

"எல்லாரும் பசியாறிட்டீங்களா?"

ஆச்சுன்னு பின்னாலேருந்து ஒரு குரல் வந்துச்சு. பசியாறியாச்சு பாப்பான்னு சுவரோரத்துலேருந்து இன்னொண்ணு. அப்புறம் மண்டபத்தோட அந்த மூலை பூரா ஆச்சு, ஆச்சும்மா, ஆச்சு கண்ணுன்னு ஒரே சத்தம். பக்கத்து மலாய்க் கடைக்காரங்க என்னா நடக்குதுன்னு எட்டிப் பாத்தாங்க. ஆச்சு கண்ணு, நீதான் இன்னும் பசியாறலன்னு அண்ணி ஊருக்கே கேக்குற மாதிரி சொன்னாங்க. முன் வரிசையில செயலாளரும் சொன்னார். நான் அவர் வாயையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன். தலையை ஆட்டிக்கிட்டு, நல்லாத் தெளிவா, ஆச்சும்மான்னார். சொல்லி முடிச்சப்புறம்தான் என்னா சொன்னோம்னு அவருக்கே உறைச்சுது. கையை எடுத்து வாயை மூடிக்கிட்டார். பக்கத்துல இருந்த விருந்தாளி என்னமோ கேட்டார், இவர் குனிஞ்சு என்னமோ விளக்குனார். என்னா விளக்குனார்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கணும்னும் இல்ல.

சத்தம் அடங்குச்சு. அப்போ என் பக்கத்துலேருந்து ஒரு குரல். சபையில வாயே திறக்காத மனுஷன், கல்யாண வீட்டுல கூட ஓரமா நிக்கிற மனுஷன், உக்காந்த எடத்துலேருந்தே சொன்னார்.

"இன்னும் இல்ல பாப்பா. நீ வா, சேந்து பசியாறலாம்."

யாரும் சிரிக்கல. அவ ஒரு நிமிஷம் அப்பாவையே பாத்துக்கிட்டு நின்னா. கண்ணைத் தொடச்சுக்கிட்டா. தாளை ரெண்டா மடிச்சு மைக் பக்கத்துல வச்சுட்டு, பாக்காமலே வாசிக்க ஆரம்பிச்சா. அப்பா எப்போ போறார்னு தெரியாத காலையைச் சொன்னா. அம்மா மட்டும் எழுப்புற வீட்டைச் சொன்னா. அந்த வரி வந்துச்சு. ஒரு எழுத்து மாறல. நான் அழுதேன், அண்ணி என்னை இடிச்சு இடிச்சு அழுதாங்க, தள்ளுவண்டி ஆடிக்கிட்டே இருந்துச்சு.

கீழ எறங்குனதும் செயலாளர் அவகிட்ட வந்தார். மன்னிப்புன்னு எதுவும் சொல்லல, நாங்களும் கேக்கல. தாளை மேடையிலயே விட்டுட்டியேம்மான்னார். அது உங்களோடது சார்னா. நான் வாயைப் பொத்திக்கிட்டு நின்னேன், என் வாழ்க்கையில அவ்வளவு கஷ்டப்பட்டு நான் எதையும் பொத்துனது இல்ல.

மண்டபத்துக்கு வெளிய படிக்கட்டுல உக்காந்து பொட்டலத்தைப் பிரிச்சோம். ரொட்டி ஆறிப்போய் ரப்பர் மாதிரி இழுத்துச்சு, குழம்பும் ஆறிப்போயிருந்துச்சு. எல்லாம் ஆறுனப்புறம்தான் எங்க பசி ஆறுச்சு. அண்ணி ரெண்டாவது தடவையா பசியாறுனாங்க, மாத்திரைக்கு நல்லதுன்னு சொல்லிக்கிட்டு. வாய் நெறைய ரொட்டியோட மக என்னைக் கேட்டா, அடுத்த வருஷம் தமிழ் வகுப்பு முடியுற நேரத்துக்கு பஸ் இருக்குமாம்மான்னு. இல்லன்னா நான் வந்து கூட்டிட்டுப் போறேன்னேன். அவ தலையை ஆட்டிட்டு அப்பா கையிலேருந்து ஒரு துண்டு ரொட்டியைப் பிச்சுக்கிட்டா.